கொக்குவிலும் அயலட்டையும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர்க்கு வண்ணார்பண்ணை எங்கே முடிகிறது, கொக்குவில் எங்கே தொடங்குகிறது என்று கண்டு சொல்வது எளிதன்று. கடைகள் சற்றே ஐதாகும். வீதியின் இருமருங்கும் ஒழுங்கைகள் கிளைக்கும். ஓர் ஒழுங்கையினுள் நூறு யார் நடந்தால் வாகனங்களின் இரைச்சல் அடங்கிவிடும். பனைகளுக்கும் தென்னைகளுக்கும் நடுவே வீடுகளும், வீடுகளுக்கு அப்பால் செம்மண் தோட்டங்களும் தென்படும். நகரின் நடுவிலிருந்து மூன்று நான்கு கிலோமீற்றர் தூரமே எனினும், கொக்குவில் மாநகர சபையின் எல்லைக்குள் அடங்கியதன்று. நல்லூர்ப் பிரதேச சபைக்கு உட்பட்டது. நகரத்தில் உத்தியோகம் பார்த்து, மாலையில் வீடு திரும்பித் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிய மனிதர்களின் ஊர் இது. அதனை நகரம் என்றால் ஊரார் நகைப்பர். பட்டிக்காடு என்றால் சினப்பர்.

இத்தகைய ஊர்கள் குடாநாட்டிற் பல உள. கோண்டாவில், இணுவில், திருநெல்வேலி, தாவடி, ஆனைக்கோட்டை என ஒன்றோடொன்று தொட்டுக் கிடக்கும் இவ்வூர்களுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. இங்கு வாழ்ந்தோர் நெடுங்காலமாக எதனையும் முழுமையாகத் தமக்கென்று வைத்திருந்தவரல்லர். கிணறு பங்கு, வேலி பங்கு, வழி பங்கு, கோயிலில் திருவிழா பங்கு. அயலட்டை என்று யாழ்ப்பாணத்தார் வழங்கும் உறவு இப்பங்குகளிலிருந்தே பிறந்தது. அப்பங்குகள் யாரை உள்ளே சேர்த்தன, யாரை வெளியே நிறுத்தின, இன்று அவற்றுக்கு என்ன நேர்கின்றது என்பவற்றை அறிந்தாலன்றி அவ்வூரின் வரலாற்றை அறிந்ததாகாது.

பெயரைப் பற்றி ஒரு சொல். யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர்கள் பலவற்றின் ஈற்றில் நிற்கும் ‘வில்’ என்பது நீர் தங்கும் பள்ளத்தை, சிறு குளத்தைக் குறிக்கும் என்பது ஊர்ப்பெயர் ஆராய்ந்தோரிற் பலர் கொண்ட கருத்து. உடுவில், மந்துவில், மிருசுவில், நுணாவில் என்பனவும் அவ்வகையின. கொக்குகள் கூடிய நீர்நிலை என்று பொருள் கொள்வதே இயல்பு. நிகண்டு கற்றோர், ‘கொக்கு’ என்பது மாமரத்துக்கும் பெயர் என்று நினைவூட்டுவர். பறவையோ மரமோ, இரண்டும் நீரை நாடுவனவே.

நீரை நாடாது இவ்வூருக்கு வாழ்வில்லை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் படர்ந்து கிடக்கின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, மண்ணினூடாக இறங்கி, அக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீர் அடியில் நிற்க, அதன்மேல் மழைநீர் ஒரு வில்லையைப் போல மிதந்து கொண்டிருக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரம் குறைந்ததாதலின் இவ்வாறு மிதக்கின்றது. அளவோடு அள்ளினால் அடுத்த மாரி அதனை நிரப்பும். அளவு கடந்தால் அடியிலிருந்து உப்பு மேலெழும். யாழ்ப்பாணத்து விவசாயி இவ்வுண்மையை நிலநூல் படித்து அறிந்தவனல்லன். கிணற்றுநீர் வாயில் கரித்தபோது, அன்றைய இறைப்பை நிறுத்தியவன் அவன்.

கல்லை உடைத்துக் கிணறு தோண்டுவது பெருஞ்செலவு. ஆகவே ஒரு கிணற்றைப் பலர் சேர்ந்து தோண்டினர்; தோண்டியவரின் பிள்ளைகளுக்குப் பங்குகள் பிரிந்தன. நாலில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று எனப் பின்னமாகப் பிரிந்த உரிமை, எந்த நாளில் எவர் இறைப்பது என்னும் முறையாகத் தோட்டத்தில் உருக்கொண்டது. காணி உறுதிகளில் நிலத்தின் பரப்பும் எல்லைகளும் எழுதிய பின்னர், கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதாத நொத்தாரிசு இல்லை. பிறத்தியார் காணியினூடாகத் தன் நீர் ஓடவேண்டும். தன் காணியினூடாகப் பிறத்தியாரின் நீர் ஓட இடம் விடவேண்டும். கோபித்துக்கொண்டு பேசாதிருக்கலாம், வாய்க்காலை அடைக்க முடியாது.

துலா இருந்த காலத்தில் இப்பிணைப்பு இன்னும் இறுக்கமானது. உயர்ந்த ஆடுகாலின்மேல் நீண்ட துலாமரம் பூட்டப்பட்டிருக்கும். அதன்மேல் ஏறி ஒருவரோ இருவரோ முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பர். கிணற்றடியில் நிற்பவர் பனையோலைப் பட்டையைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பர். தோட்டத்தில் இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று, பாத்தி பாத்தியாக நீரை மாறிவிடுவர். இறைப்பு விடியுமுன்னே தொடங்கும். தனியொருவனால் ஆகாத வேலை அது. இன்று உன் தோட்டத்துக்கு நான், நாளை என் தோட்டத்துக்கு நீ என்ற கைமாற்றே வழக்கு. 1950-களிலிருந்து மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவவே, துலாவும் கைமாற்றும் ஒருங்கே மறைந்தன. முதுகு நோவு தீர்ந்தது மெய். அதனை இழிவாகச் சொல்வோர் துலா மிதித்து அறியாதவர்.

ஆயினும் பங்குக் கிணற்றின் கதையை இனிமையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. பங்கு என்ற சொல்லுக்கு மறுபுறம் பங்கில்லாதவர் என்றொரு சொல் உண்டு. தோட்டத்தில் வேலை செய்தவர்களுள், மரமேறியவர்களுள், பறை அறைந்தவர்களுள், துணி வெளுத்தவர்களுள் எத்தனையோ குடும்பங்களுக்குத் தாம் இறைத்த கிணற்றில் தாமே அள்ளிக் குடிக்கும் உரிமை இருக்கவில்லை. குடத்தோடு கிணற்றடிக்குச் சற்றுத் தள்ளி நின்று, பிறர் வார்க்கும்வரை காத்திருந்தனர். கோயில் வாயிலிலும் தேநீர்க்கடையிலும் அதே தூரம் காக்கப்பட்டது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957-ஆம் ஆண்டில் நிறைவேறியது. சட்டம் நிறைவேறியவுடன் வாளி கைமாறிவிடவில்லை. 1966 அக்டோபர் 21-ஆம் நாள் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தடியடிக்குப் பின்னரும் அது நகரை அடைந்தது. தொடர்ந்த ஆண்டுகளில் தேநீர்க்கடைகளிலும் மாவிட்டபுரம் முதலிய கோயில் வாயில்களிலும் போராட்டங்கள் நிகழ்ந்தன. அவற்றின் பின்னரே பல கதவுகள் திறந்தன. எல்லாக் கிணற்றடிகளும் ஒரே நாளில் திறக்கவில்லை என்பதை ஊரில் முதியோர் அறிவர்.

கிணற்றை அடுத்து வேலி. தேசவழமை எனப்படும் யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டம் ஒல்லாந்தர் ஆட்சியில் 1707-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்டது. பெண்ணுக்குச் சீதனமாகக் காணி கொடுக்கும் மரபை அது விரிவாகப் பேசுகின்றது. தந்தை தன் வளவைப் பிரித்து மகளுக்கு ஒரு துண்டு எழுதி, அதில் வீடு கட்டிக் கொடுப்பார். அடுத்த மகளுக்கு அடுத்த துண்டு. இவ்வாறு இரண்டு தலைமுறையில் ஓர் ஒழுங்கை முழுவதும் அக்காள் தங்கையரும் அவர்தம் பெண்மக்களுமாக நிறைந்துவிடும். மருமக்களே வந்தேறு குடிகள். பங்காளி தன் பங்கை விற்க எண்ணினால், ஏனைய பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்ற விதியும் அவ்வழக்கில் உண்டு. அயலுக்குள் அந்நியர் எளிதிற் புகாமைக்கு இவ்விதி ஒரு காவலாயிற்று. அதே காவல், புகவேண்டியவரையும் தடுத்தது.

வளவுகளுக்கு இடையே பூவரசு, கிளுவை, முள்முருக்குக் கதியால்களை நட்டுக் கிடுகாலோ பனையோலையாலோ வேலி அடைத்தனர். ஆண்டுதோறும் மாரிக்கு முன் வேலி புதுக்குவது ஒரு சடங்கு போன்றது. எந்த வேலி எவருக்குரியது என்பதிற் பிணக்கு எழாத அயல் இல்லை. கதியால் ஒரு சாண் அரக்கி நட்டதற்காக நீதிமன்றம் ஏறிய வழக்குகள் பலப்பல. யாழ்ப்பாணத்து அப்புக்காத்துமாரின் செல்வத்துக்கு வேலியும் ஒரு வித்து எனலாம். எனினும் அந்த வேலி வீண்போவதில்லை. கழற்றிய பழைய ஓலை தோட்டத்துக்குப் போய் மண்ணில் புதையும். கதியாலிலிருந்து வெட்டிய பூவரசங்குழை எருவாகும். ஆடும் மாடும் தின்றதும் அந்தக் குழைதான்.

அவ்வேலியிலே பொட்டு என்று ஒன்று இருந்தது. ஓலையைச் சற்றே விலக்கி, ஒருவர் குனிந்து போகக்கூடியதாக விட்ட வழி அது. தெருப்படலை ஆண்களுக்கும் விருந்தினருக்கும். பொட்டு பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். உப்புக் கடன் போனதும், பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவிச்சியை அழைக்க ஆள் ஓடியதும், இரவில் யார் வீட்டிலோ அழுகுரல் கேட்டு முதலாவதாக வந்து சேர்ந்த பெண் புகுந்ததும் அவ்வழியே. சண்டை வந்தால் முதலில் பொட்டு அடைபடும். நாட்கள் சில கழிந்து, எவரும் ஒன்றும் சொல்லாமலே, ஓலை மீண்டும் விலகியிருக்கும். சமாதானம் செய்துகொண்டதற்கு வேறு அறிவித்தல் வேண்டியதில்லை.

கொக்குவிலின் பெயரைத் தென்னிலங்கை வரை கொண்டு சென்றது சுருட்டு. யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒருகாலத்தில் மலையாளக் கரைக்கும் திருவிதாங்கூருக்கும் கப்பலேறியது. அவ்வாணிகம் தளர்ந்த பின்னர், இலையாக விற்பதைவிடச் சுருட்டாக விற்பது மேலாயிற்று. கொக்குவில், கோண்டாவில் முதலிய ஊர்களில் சுருட்டுக் கொட்டில்கள் எழுந்தன. பொச்சுமட்டைப் புகையிற் பதப்படுத்திய இலையைத் தெரிந்தெடுத்து, நடுநரம்பு களைந்து, பனங்கட்டி முதலியன சேர்த்து ஆக்கிய ‘கோடா’ என்னும் பாணியை ஊட்டிச் சுருட்டினர். ஒவ்வொரு முதலாளிக்கும் ஒவ்வொரு கோடாப் பக்குவம். அது குடும்ப இரகசியம். காலியிலும் கண்டியிலும் குருநாகலிலும், சிங்கள மக்கள் வாழ்ந்த சிறு சந்திகளிலுங்கூட யாழ்ப்பாணத்தார் சுருட்டுக்கடை வைத்திருந்தனர். கடைக்காரர் கடையிலே படுத்துறங்கி, வருடத்தில் ஓரிரு முறை திருவிழாவுக்கு ஊர் வருவார். அவர் பேசிய சிங்களம், கொழும்பில் உத்தியோகம் பார்த்த கனவானின் சிங்களத்திலும் செம்மையாக இருந்தது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் அக்கடைகள் பல அழிந்தன. அவற்றை நம்பியிருந்த கொட்டில்களும் ஒடுங்கின.

அக்கொட்டில்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். சுருட்டுவோரின் கைகளுக்கே வேலை. காதுகள் வெறுமையாக இருந்தன. ஆதலால் ஒருவர் நடுவே இருந்து அன்றைய பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றையோர் சுருட்டிக்கொண்டே கேட்பர். செய்தி முடிந்தால் தொடர்கதை. வாசிப்பவரும் தொழிலாளி என்றால், அவருக்குக் குறையும் சுருட்டுகளை மற்றவர்கள் ஈடு செய்வதும் உண்டு. பள்ளிக்கூட வாயிலை மிதியாத மனிதர் உலக யுத்தத்தின் போக்கையும் சட்டசபை விவாதத்தையும் பற்றித் தர்க்கம் செய்ததற்குக் காரணம் இதுவே. இடதுசாரிக் கொள்கைகள் யாழ்ப்பாணத்தில் வேர் கொண்ட இடங்களுள் சுருட்டுக் கொட்டிலும் ஒன்று. பல்கலைக்கழகம் வந்தது பின்னர். இங்கே கல்வி புகையிலை நெடியோடு முன்பே நடந்தது.

முறையான கல்வியும் பிந்திவிடவில்லை. 1902-ஆம் ஆண்டில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905-இல் அது கொழும்போடு இணைந்தது. கொக்குவிலிலும் ஒரு நிலையம் அமைந்தது. அரசாங்க எழுதுவினைஞராகத் தெற்கே செல்ல வழி பிறந்தது. அதற்கு ஆங்கிலம் வேண்டியதாயிற்று. 1910-இல் கொக்குவில் இந்துக் கல்லூரி தோன்றியது. ஊரவர் முயற்சியிற் பிறந்து வளர்ந்த சைவப் பாடசாலை அது. 1950-களில் அதன் அதிபராக விளங்கியவர் ஹன்டி பேரின்பநாயகம். கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் தலைமகன். 1927-இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வரக் காரணமாயிருந்தோருள் முதன்மையானவர். சாதி வேற்றுமையை வெளிப்படையாக எதிர்த்தவர். இத்தகையவரை ஓர் இந்துக் கல்லூரி தன் தலைமைக்கு ஏற்றுக்கொண்டது என்பது அக்காலத்துக் கொக்குவிலின் இயல்பைப் பல பக்கங்களில் எழுதுவதைவிட நன்கு காட்டும்.

வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் ஒழுங்கைக்கு ஒன்றாக எழுந்தமை அக்காலத்தின் இன்னொரு காட்சி. ஓர் ஓட்டுக் கூரை, நீண்ட வாங்கு இரண்டு, பத்திரிகைகள், மூலையில் ஒரு வானொலிப் பெட்டி; இவ்வளவே அதன் உடைமை. வீட்டில் வானொலி வாங்க இயலாதோர் மாலையில் அங்கே கூடினர். 1990-ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போன காலத்தில் வானொலி மீண்டும் அயலைக் கூட்டியது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் செய்தி கேட்டனர். ஒருவர் சுழற்றப் பலர் கேட்டனர். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும்.

போரின் காலம் இவ்வூருக்குக் கொடியது. 1987 அக்டோபரில் இந்தியப் படையினருக்கும் விடுதலைப் புலிகளுக்கும் மூண்ட சண்டையின் தொடக்க நாட்களில், கொக்குவில் கிழக்கிலுள்ள பிரம்படி ஒழுங்கையில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியில் தஞ்சம் புகுந்திருந்தோர்மேல் எறிகணைகள் வீழ்ந்தன. அங்கும் பலர் மாண்டனர். பிள்ளைகள் படித்த வகுப்பறையே பிணவறையாயிற்று. 1990-இல் புகையிரதம் நின்றது. 1995 அக்டோபர் 30-ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே வீதியில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, கொக்குவிலும் வெறுமையாயிற்று. அடுத்த ஆண்டில் மீண்டோர் தம் வேலிகள் சரிந்து கிடக்கக் கண்டனர். எல்லை அறிய உதவியவை வேர்விட்டு நின்ற கதியால்களே. மீளாதோர் பலர், அவருட் பெரும்பாலோர் கனடாவிலும் இங்கிலாந்திலும் ஐரோப்பிய நாடுகளிலும் குடியேறினர். புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு 2014-இலும், காங்கேசன்துறைக்கு 2015-இலும் திரும்ப வந்தது.

அமைதி வந்தபின் நிலத்தின் விலை ஏறியது. 1974-இல் திருநெல்வேலியில் தொடங்கிய பல்கலைக்கழக வளாகம் இன்று பெரும் பல்கலைக்கழகம். அதன் மாணவருக்கும் ஊழியருக்கும் அறை வேண்டும். தோட்டம் செய்து ஈட்டுவதிலும் அதே தோட்டத்தை வீட்டுக்காணியாக விற்று ஈட்டுவது அதிகம். ஓர் ஏக்கர் என்பது 16 பரப்பு. இரண்டு பரப்பில் ஒரு வீடு என்றால், புகையிலை நின்ற ஏக்கரில் எட்டு வீடுகள் எழும். எட்டு வீட்டுக்கும் எட்டு மதில், எட்டுக் கிணறு அல்லது குழாய்க் கிணறு, எட்டு மலக்குழி. முன்னோர் கிணற்றுக்கும் கழிப்பிடத்துக்கும் இடையே விட்ட தூரத்தை இரண்டு பரப்புக் காணியில் விட இயலாது.

இதன் விளைவு நீரில் தெரிகின்றது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகின்றனர். தோட்டத்தில் இட்ட யூரியாவும் மலக்குழியின் கசிவும் அதற்குக் காரணம். கைக்குழந்தைகளுக்கு அது சிறப்பாகக் கேடு. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்தமை வெளியானபோது, தொலைவில் இருந்தவர்களும் தத்தம் கிணற்றை எட்டிப் பார்த்தனர். காரணம் எளிது. மேலே எத்தனை மதில் எழுந்தாலும், சுண்ணாம்புக்கல்லின் உள்ளே நீர் இன்னும் பிரியாத ஒரே பங்குதான். தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024-இல் திறக்கப்பட்டது. குழாய்நீர் வருவது நன்றே. குழாய்நீர் வந்த வீட்டார் கிணற்றை மறந்து குப்பைக்குழி ஆக்கிவிடுவாரோ என்பதே இப்போது எழும் அச்சம்.

மதிலிற் பொட்டு வைப்பார் இல்லை. ஆனால் காணி உறுதிகள் பழைய சொற்களை எளிதில் விடுவதில்லை. கொக்குவிலில் இன்று ஒரு துண்டுக் காணி கைமாறும்போது, பங்காளி ஒருவர் ரொறன்ரோவிலும் மற்றவர் இலண்டனிலும் இருப்பர். அற்றோர்ணித் தத்துவம் தபாலில் வரும். உறவினர் ஒருவர் கையொப்பமிடுவார். நொத்தாரிசு நிலத்தின் நாலெல்லையையும் எழுதி முடித்து, தன் முன்னோடிகள் எழுதியபடியே கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும் என்று ஒரு வரி சேர்ப்பார். அந்த வாய்க்கால் இன்று எவர் வீட்டுச் சமையலறையின் கீழே கிடக்கின்றதோ, அவ்வீட்டாருக்கும் அது தெரியாது.